நக்கீரனுக்கு வந்த கடிதமும் கனியாமூர் வீடியோக்களும்

2022 ஜூலையில எங்க கள்ளக்குறிச்சிப் பக்கம் கனியாமூர்ல ஒரு பள்ளி மாணவி இறந்தப்போ, யூடியூப்ல ஆளாளுக்கு நீதிபதி ஆயிட்டாங்க. அப்படி தனி விசாரணை நடத்துறவங்க மேல நடவடிக்கை எடுங்கன்னு சென்னை உயர் நீதிமன்றமே சொல்ல வேண்டியதாப் போச்சு.

இதுக்கு ஒரு முன்கதை இருக்கு மக்களே. ஆட்டோ சங்கர் சிறையில எழுதின சுயசரிதையை நக்கீரன் வெளியிட இருந்தது. அதுல அதிகாரிகளோட தொடர்பெல்லாம் வரும்ல? சிறைத்துறை ஐ.ஜி. 1994-ல கடிதம் போட்டுத் தடுக்கப் பார்த்தார். முன்கூட்டியே தடுக்க அரசுக்கு அதிகாரமில்லைன்னு அதே வருஷம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிச்சு. பத்திரிகை ஜெயிச்ச கதையாத்தான் இதை எல்லாரும் சொல்றோம். அதே தீர்ப்புல, ஒருத்தரோட குடும்பம், கல்யாணம் பத்தி சம்மதமில்லாம எழுதக்கூடாது (பொது ஆவணத்துல இருந்தா வேற), அந்தரங்கம் 21-ஆம் பிரிவுக்குள்ளேயே இருக்குன்னும் எழுதியிருக்கு. 2017-ல புட்டசாமி வழக்குல ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமைன்னு உறுதி பண்ணாங்க.

நக்கீரனுக்குக் கடிதம் போட ஒரு விலாசமாவது இருந்துச்சு. கனியாமூர் வீடியோவை ஃபார்வர்டு பண்ணவங்களுக்கு எந்த விலாசத்துக்குப் போடுறது?