டிபக்எஃப்எஸ்

இக்கட்டுரை எக்ஸ்ட் வகைக் கோப்பு முறைமைகளை ஆராயும் கட்டளைவரிக் கருவி பற்றியது. கருனி நிரலாளர்கள் பிழைதிருத்தத் தகவல்களை வெளியிடுவதற்காக 2004 இல் லினக்ஸ் கருனியில் சேர்க்கப்பட்ட, இதே பெயருடைய மாயக் கோப்பு முறைமை வேறு.

டிபக்எஃப்எஸ் என்பது லினக்ஸ் இயங்குதளத்தின் எக்ஸ்ட்2, எக்ஸ்ட்3, எக்ஸ்ட்4 ஆகிய கோப்பு முறைமைகளின் உள்ளமைப்பை நேரடியாகப் படிக்கவும் திருத்தவும் உதவும் கட்டளைவரிக் கருவி ஆகும். இதனை எழுதியவர் தியோடர் ட்சோ. இ2எஃப்எஸ்புரோக்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருள் தொகுப்பின் பகுதியாக இது வழங்கப்படுகிறது. வட்டைப் பழுதுபார்க்கும் இ2எஃப்எஸ்சிகே கருவியும் இதே தொகுப்பைச் சேர்ந்ததே.

செயற்படும் விதம்

வழக்கமாக ஒரு நிரல் கோப்பைத் திறக்கும்போது, கருனியே வட்டைப் படித்துத் தரவை வழங்கும். டிபக்எஃப்எஸ் இவ்வழியைத் தவிர்த்து, வட்டுப் பகிர்வை வெறும் பைட்டுகளின் வரிசையாகத் திறக்கிறது. எனவே கோப்பு முறைமையை ஏற்றாமலேயே, அதாவது மவுண்ட் செய்யாமலேயே, அதனுள் உள்ளவற்றைக் காண இயலும். திறக்கப்படுவது உண்மையான வட்டாக இருக்க வேண்டியதில்லை. டிடி கட்டளையால் எடுத்த முழுநகலையும், எல்விஎம் அமைப்பில் எடுத்த ஸ்னாப்ஷாட்டையும் அவ்வாறே திறக்கலாம்.

ஏற்றப்பட்டு இயங்கும் வட்டை இக்கருவியால் நேரடியாகப் படிக்க முடியும் எனினும், கிடைக்கும் விடையை முழுமையாக நம்ப இயலாது. அண்மைய மாற்றங்கள் கருனியின் நினைவகத்திலோ ஜர்னலிலோ மட்டும் இருந்து, உரிய இடத்தில் இன்னும் எழுதப்படாமல் இருக்கலாம். எல்விஎம் ஸ்னாப்ஷாட் எடுக்கும்போது கருனி கோப்பு முறைமையைச் சிறிது நேரம் உறையச் செய்து, நிலுவையில் உள்ளவற்றை எழுதிவிடுவதால் அந்நகல் முரண்பாடற்றதாக அமைகிறது. இயங்கும் வட்டை டிடி கொண்டு நகலெடுத்தால் இந்த உறுதி கிடைக்காது.

எக்ஸ்ட் கோப்பு முறைமைகளில் ஒவ்வொரு கோப்பும் ஐநோடு என்னும் பதிவால் குறிக்கப்படுகிறது. கோப்பின் அளவு, உரிமையாளர், தரவு உள்ள தொகுதிகளின் எண்கள் முதலியன ஐநோடில் இருக்கும்; கோப்பின் பெயர் மட்டும் அடைவில் இருக்கும். 2 ஆம் ஐநோடு மூல அடைவையும், 8 ஆம் ஐநோடு ஜர்னலையும் குறிக்கும். டிபக்எஃப்எஸ் கட்டளைகளில் பாதைக்குப் பதிலாக ஐநோடு எண்ணைக் கோண அடைப்புக்குறிக்குள் இட்டும் கோப்பைச் சுட்டலாம். பெயரை இழந்த கோப்புகளை அணுக இதுவே வழி.

சேதமுற்ற தொகுதியைக் கண்டறிதல்

இக்கருவியின் மிகப் பயனுள்ள கட்டளைகள் ஐசெக், என்செக் என்னும் இரண்டுமாகும். தொகுதி எண்ணைக் கொடுத்தால் அது எந்த ஐநோடுக்கு உரியது என ஐசெக் கூறும். ஐநோடு எண்ணைக் கொடுத்தால் கோப்பின் பாதையை என்செக் கூறும்.

எடுத்துக்காட்டாக, வன்தட்டின் 80,02,048 ஆம் பிரிவைப் படிக்க இயலவில்லை எனவும், பகிர்வு 2,048 ஆம் பிரிவில் தொடங்குகிறது எனவும் கொள்வோம். வேறுபாடு 80,00,000 பிரிவுகள். பிரிவு ஒன்றுக்கு 512 பைட்டுகள், தொகுதி ஒன்றுக்கு 4,096 பைட்டுகள் எனில், 512 ஆல் பெருக்கி 4,096 ஆல் வகுக்க 10,00,000 ஆம் தொகுதி எனக் கிடைக்கும். இவ்வெண்ணை ஐசெக்கிடமும், அது தரும் ஐநோடு எண்ணை என்செக்கிடமும் கொடுத்தால், இழந்தது தற்காலிகக் கோப்பா அல்லது தரவுத்தளமா என்பது தெரிந்துவிடும். ஐசெக் எந்த ஐநோடையும் காட்டாவிடில், அத்தொகுதி பெரும்பாலும் பயன்பாட்டில் இல்லாததாகும்.

அழித்த கோப்புகள்

எக்ஸ்ட்2 இல் கோப்பை அழிக்கும்போது, ஐநோடில் அழித்த நேரம் குறிக்கப்படுமே தவிர, தொகுதி எண்கள் அப்படியே இருக்கும். ஆகவே எல்எஸ்டெல் கட்டளையால் அழித்தவற்றைப் பட்டியலிட்டு, டம்ப் கட்டளையால் வேறு வட்டில் சேமிக்க முடிந்தது. 2001 இல் கருனியில் சேர்ந்த எக்ஸ்ட்3 இவ்வழியை அடைத்துவிட்டது. இடையில் மின்சாரம் தடைப்பட்டாலும் அழிப்பைப் பாதுகாப்பாக மீளத் தொடர்வதற்காக, அது தொகுதி எண்களைச் சுழியாக்குகிறது. எக்ஸ்ட்4 இலும் நிலை இதுவே. இன்றும் பல பழைய வழிகாட்டிகள் எல்எஸ்டெல்லைப் பரிந்துரைப்பதால், வெறும் பட்டியலைக் கண்டு பயனர்கள் குழம்புவதுண்டு.

எனினும் ஐநோடின் பழைய நகல் ஜர்னலில் எஞ்சியிருக்கக் கூடும். லாக்டம்ப் கட்டளை அதனைத் தேட உதவும். ஜர்னல் சுழற்சியாக மேலெழுதப்படுவதால், தவறை உணர்ந்தவுடன் பகிர்வில் எழுதுவதை நிறுத்துவது இன்றியமையாதது.

மீதரவு நகல்

இ2இமேஜ் என்னும் துணைக்கருவி, கோப்புகளின் உள்ளடக்கத்தை விடுத்து ஐநோடு அட்டவணை முதலான மீதரவை மட்டும் தனிக்கோப்பில் சேமிக்கும். டிபக்எஃப்எஸ் இக்கோப்பையும் திறக்கும். இதனை அதே வட்டில் வைப்பதால் பயனில்லை. பிழையை ஆராய நிரலாளர்களுக்கு மீதரவை அனுப்பும்போது கோப்புப் பெயர்களும் உடன் செல்லும் என்பதால், அவற்றை உருமாற்றி அனுப்பும் விருப்பத்தேர்வும் இ2இமேஜில் உண்டு.

பாதுகாப்பு

இயல்பாக டிபக்எஃப்எஸ் படிப்பதற்கு மட்டுமே வட்டைத் திறக்கும். எழுதுவதற்குத் தனி விருப்பத்தேர்வு தேவை. ஏற்றப்பட்ட வட்டில் இதன்வழி எழுதினால் கோப்பு முறைமை சீர்குலையலாம். பிட் வரைபடங்களே சிதைந்த வட்டுகளுக்கென உள்ள பேரழிவு முறையில் எழுதுவது முற்றிலும் தடுக்கப்பட்டுள்ளது.

மற்றோர் ஆபத்து அதிகம் பேசப்படுவதில்லை. கோப்பு அனுமதிகளைச் சரிபார்ப்பது கருனியின் பணி. வட்டை நேரடியாகப் படிக்கும் இக்கருவிக்கு அவை வெறும் எண்களே. டெபியன் முதலிய வழங்கல்களில் டிஸ்க் என்னும் குழுவில் சேர்க்கப்பட்ட பயனர், ரூட் உரிமை இன்றியே கடவுச்சொல் ஹாஷ்கள் அடங்கிய ஷேடோ கோப்பை இதன்மூலம் படித்துவிட முடியும். வட்டு நகல்களைப் பிறரிடம் ஒப்படைக்கும்போதும் இதே நிலைதான்.

பிற கோப்பு முறைமைகளில்

எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமைக்கு எக்ஸ்எஃப்எஸ்_டிபி, இசட்எஃப்எஸ் கோப்பு முறைமைக்கு இசட்டிபி ஆகியன இத்தகைய கருவிகளாகும். ஸ்னாப்ஷாட் வசதி இசட்எஃப்எஸ்ஸிலேயே உள்ளடங்கியிருப்பதால், இசட்டிபி குறிப்பிட்ட ஒரு ஸ்னாப்ஷாட்டைப் பெயர் சொல்லியே ஆராய வல்லது.