வெள்ளியைத் தேடிப் போன கடிகாரம்

எடின்பரோவிலுள்ள ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில் ஆளுயர மரப்பெட்டிக்குள் ஓர் ஊசல் கடிகாரம் இருக்கிறது. செல்வந்தர் வீட்டுக் கூடங்களில் நிற்கும் கடிகாரங்களுக்குரிய பொன்பூச்சு, பூவேலை, நிலா முகம் என்று எந்த ஆடம்பரமும் அதற்குக் கிடையாது. செய்தவர் லண்டன் ஷூ லேனில் தொழில் நடத்திய ஜான் ஷெல்டன். உடைமையாளர் ராயல் சொசைட்டி. பார்வையாளர்கள் நிற்காமல் கடந்து போவதற்கு எல்லாத் தகுதியும் உடைய பொருள்தான். ஆனால் 18ஆம் நூற்றாண்டில் இதைப்போல அலைந்த கடிகாரங்கள் மிகக் குறைவு. அட்லாண்டிக் தீவு, ஆப்பிரிக்க முனை, அமெரிக்கப் பண்ணை, ஸ்காட்லாந்து மலை என்று இதன் பயணப் பட்டியல் நீளும்.

ராயல் சொசைட்டி தொடங்கியது 1660 நவம்பர் 28 அன்று. லண்டன் கிரெஷாம் கல்லூரியில் கிறிஸ்டோபர் ரென்னின் சொற்பொழிவைக் கேட்டு முடித்த பன்னிரண்டு பேர் உட்கார்ந்து பேசி, சோதனை வழியே அறிவு தேடும் ஒரு கழகம் வேண்டும் என்று முடிவு செய்தார்கள். இரண்டாம் சார்லஸ் 1662இல் சாசனம் அளித்தார். 1665இல் 'பிலசாபிக்கல் டிரான்சாக்‌ஷன்ஸ்' இதழ் வரத் தொடங்கியது. எவர் சொன்னார் என்பதற்காக எதையும் நம்பாதே என்பது கழகத்தின் கொள்கை வாசகம். வாசகத்தைப் பொறித்து வைப்பதற்குக் காசு அதிகம் ஆகாது. அதன்படி நடந்துகொள்வதுதான் செலவு பிடித்த காரியம். பூமியின் மறுகோடியில் நடப்பதை யார் வாய் வழியாகவும் கேட்காமல் தெரிந்துகொள்ள வேண்டுமானால் ஆளையும் கருவியையும் அங்கே அனுப்பியாக வேண்டும்.

அப்படி அனுப்பும்படி கழகத்துக்கு உயில் எழுதாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனவர் எட்மண்ட் ஹாலி. வெள்ளிக் கோள் சில சமயம் பூமிக்கும் சூரியனுக்கும் நடுவே நேர்கோட்டில் வந்து, சூரியனின் முகத்தில் சிறு கரும்புள்ளியாக ஊர்ந்து போகும். பூமியில் வெவ்வேறு இடங்களிலிருந்து பார்ப்பவர்களுக்கு அந்தப் புள்ளி வெவ்வேறு பாதையில் செல்வதாகத் தெரியும். கடக்கும் நேரமும் மாறும். அந்த நேர வித்தியாசத்தைக் கொண்டு சூரியன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம் என்று 1716இல் ஹாலி எழுதினார். அடுத்த வாய்ப்பு 1761இல், அதற்கடுத்தது 1769இல். தாம் அதுவரை உயிரோடு இருக்க மாட்டோம் என்பது அவருக்குத் தெரியும். 1742இல் இறந்துபோனார்.

ஹாலியின் வழிக்குத் தேவை நொடி தவறாத கடிகாரம். அதுவும் எடுத்துச் செல்லக்கூடியது. ஷெல்டன் அதற்கு ஏற்ற ஆள். புகழ்பெற்ற ஜார்ஜ் கிரஹாமிடம் வேலை பார்த்தவர். கிரீனிச் வானாய்வகத்தின் கடிகாரத்தில் அவருடைய கைவேலை உண்டு. நொடிக்கு ஒரு தடவை அசையும் ஊசலின் நீளம் ஏறத்தாழ 39 அங்குலம். வெயிலில் ஊசல் தண்டு மயிரிழை நீண்டாலும் கடிகாரம் மெதுவாகிவிடும். வெறும் எஃகுத் தண்டாக இருந்தால் பத்து டிகிரி செல்சியஸ் வெப்பம் கூடும்போது நாளுக்கு ஐந்து நொடி பிந்தும். இதற்கு ஜான் ஹாரிசன் கண்டுபிடித்த மாற்று, பித்தளைக் கம்பிகளையும் எஃகுக் கம்பிகளையும் அடுத்தடுத்து வைத்து ஊசலைக் கட்டுவது. பித்தளை அதிகம் நீளும், எஃகு குறைவாக நீளும்; ஒன்று கீழே தள்ளுவதை இன்னொன்று மேலே தள்ளிச் சரிக்கட்டும். ஷெல்டனின் கடிகாரங்களில் இந்த ஊசல்தான் இருந்தது. சாவி கொடுக்கும் நேரத்திலும் ஓட்டம் நிற்காதிருக்கத் தனி ஏற்பாடும் உண்டு.

1761 ஜனவரியில் நெவில் மாஸ்கலைன் என்ற இருபத்தெட்டு வயது பாதிரியார் இந்தக் கடிகாரத்தோடு செயின்ட் ஹெலினாவுக்குக் கப்பல் ஏறினார். அரசர் 800 பவுன் தந்திருந்தார். மாஸ்கலைன் கழகத்துக்குக் கொடுத்த சொந்தச் செலவு மதிப்பீடு இன்றும் படிக்கச் சுவையானது: கிட்டத்தட்டப் பாதித் தொகை மதுவுக்கு. பாதிரியார்தான், ஆனால் கடல் பயணமாயிற்றே. இவருடைய தங்கை மார்கரெட்டை நம் ஊர் வரலாற்றில் வேறு வகையில் தெரியும். 1753இல் சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலுள்ள செயின்ட் மேரி தேவாலயத்தில் ராபர்ட் கிளைவை மணந்தவர் அவர்.

அதே வேளை சார்லஸ் மேசன், ஜெரமையா டிக்சன் என்ற இருவரைக் கழகம் சுமத்ராவின் பென்கூலனுக்கு அனுப்பியது. ஆங்கிலக் கால்வாயிலேயே பிரெஞ்சுப் போர்க்கப்பல் தாக்கியதில் அவர்கள் கப்பலில் பதினொரு பேர் செத்தார்கள். போக மாட்டோம் என்று இருவரும் எழுத, போகாவிட்டால் வழக்குத் தொடுப்போம் என்று கழகம் பதில் எழுதியது. அறிஞர் சபை என்றால் மென்மையாகத்தான் பேசும் என்று நினைப்பவர்கள் அந்தக் கடிதத்தைப் படிக்க வேண்டும். பென்கூலனைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துவிட்டதால் இருவரும் நன்னம்பிக்கை முனையிலேயே இறங்கினார்கள். வானம் தெளிந்திருந்தது; நன்றாகப் பார்த்தார்கள்.

மாஸ்கலைனுக்கு அந்த யோகம் இல்லை. ஜூன் 6 அன்று செயின்ட் ஹெலினா மலைமேல் மேகம் கவிந்து காரியத்தைக் கெடுத்துவிட்டது. வெள்ளிக்காக வாங்கிய கடிகாரம் வெள்ளிக்கு உதவவில்லை.

என்னைக் கேட்டால், அந்தக் கடிகாரத்தின் உண்மையான வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது. கிரீனிச்சில் சரியாக ஓடியபோது இருந்த அதே நீளத்தில் ஊசலை வைத்துக்கொண்டு, விண்மீன்களோடு ஒப்பிட்டு மாஸ்கலைன் அதன் ஓட்டத்தைக் குறித்து வந்தார். லண்டனோடு ஒப்பிட, அந்த அகலாங்கில் ஊசல் நாளுக்குச் சுமார் இரண்டு நிமிடம் பிந்தும். பழுதில்லை. பூமி நடுவில் பருத்து துருவங்களில் தட்டையாக, சுழன்றுகொண்டும் இருப்பதால் நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க ஈர்ப்பு குறைகிறது. ஊசல் சோம்பலாக ஆடுகிறது. 1672இல் தென் அமெரிக்கக் கயேனில் ழான் ரிஷே இதை முதலில் கவனித்தார். நியூட்டன் அதைத் தம் ஈர்ப்புக் கோட்பாட்டுக்குச் சான்றாக எடுத்துக்கொண்டார். ஷெல்டன் கடிகாரம் செய்தது அந்தச் சான்றை இடம் இடமாகச் சேர்ப்பது. மற்றக் கடிகாரங்கள் சரியான நேரம் காட்டினால் பெயர் எடுக்கும். இது எவ்வளவு பிந்தியது என்பதற்காகப் பெயர் எடுத்தது.

அக்டோபரில் மேசனும் டிக்சனும் ஊர் திரும்பும் வழியில் செயின்ட் ஹெலினாவில் இறங்கினார்கள். மாஸ்கலைன் தம் கடிகாரத்தை டிக்சனிடம் ஒப்படைத்து, அங்கும் ஈர்ப்பைப் பார்த்து வா என்று நன்னம்பிக்கை முனைக்கே திருப்பி அனுப்பினார். மேசன், டிக்சன் கொண்டுவந்தது எல்லிகாட் என்பவர் செய்த கடிகாரம். இந்தச் சந்திப்பை வைத்து அமெரிக்க நாவலாசிரியர் தாமஸ் பிஞ்சன் 1997இல் வெளியிட்ட நாவலில் இரண்டு கடிகாரங்களும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும்.

அடுத்துப் பென்சில்வேனியா. மேரிலாந்துக்கும் பென்சில்வேனியாவுக்கும் இடையிலான எல்லைத் தகராறைத் தீர்க்க மேசனும் டிக்சனும் அங்கே கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். பின்னாளில் அடிமை மாநிலங்களையும் அடிமை முறை ஒழிந்த மாநிலங்களையும் பிரிக்கும் கோடாகப் பெயர் பெற்றது அதுவே. ஆட்கள் ஏற்கெனவே அங்கிருக்க, கழகம் கடிகாரத்தை மட்டும் அனுப்பி வைத்தது. பிராண்டிவைன் ஆறு கிளை பிரியும் இடத்துப் பண்ணையில் அதை நிறுத்தி, ஓட்டத்தை அளந்து அனுப்பினார்கள். 1768இல் கழகத்தின் இதழில் அந்த அறிக்கை வந்தது. செயின்ட் ஹெலினா அளவுக்கு இங்கே பிந்தவில்லை. வடக்கே போகப்போக ஈர்ப்பு கூடும் என்பதற்கு இன்னொரு சாட்சி.

1769 வந்தபோது மூன்றாம் ஜார்ஜிடமிருந்து 4,000 பவுன் பெற்றுக் கழகம் பல திசைகளுக்கு ஆட்களை அனுப்பியது. நார்வேயின் வடமுனை, ஹட்சன் விரிகுடா, ஜேம்ஸ் குக்கின் தலைமையில் டஹீட்டி. கழகத்திடம் இப்போது ஒன்றுக்கு மேற்பட்ட ஷெல்டன் கடிகாரங்கள் இருந்தன. எது எந்தப் பயணத்தில் போனது என்பதைத் துப்புத் துலக்கி டெரெக் ஹவுஸும் பெரஸ்ஃபோர்ட் ஹட்சின்சனும் 1969இல் ஒரு நூலே வெளியிட்டார்கள்.

டஹீட்டியில் பெரிய கூடாரத்தின் ஒரு கோடியில், கிரீனிச்சிலிருந்தே செய்து கொண்டுபோன மரச்சட்டத்தில் கடிகாரத்தைப் பொருத்தி, பெட்டிக் கதவு திறக்கிற அளவுக்கு விட்டு மிச்சத்தை மண்ணில் புதைத்தார்கள். யாரும் தவறிப்போய் இடித்துவிடாதபடி ஓர் அடி தள்ளி இன்னொரு மரவேலி. ஊசலின் நீளம் கிரீனிச்சில் இருந்த அதே நீளம். ஜூன் 3 அன்று மேகமே இல்லை. ஆனால் வெள்ளி சூரிய விளிம்பைத் தொட்டு விலகும் கணத்தில் நீர்த்துளி ஒட்டி இழுபடுவதுபோல் விளிம்பு கலங்கித் தெரிந்ததால், அருகருகே இருந்து பார்த்தவர்களின் குறிப்புகளே பல நொடிகள் வேறுபட்டன. கடிகாரம் சரியாக இருந்தும் கண் ஏமாற்றியது. இருந்தாலும் எல்லா இடத்துக் கணக்கையும் சேர்த்து 1771இல் ஆக்ஸ்போர்டின் தாமஸ் ஹார்ன்ஸ்பி சொன்ன தூரம் 9 கோடியே 37 லட்சத்து 26 ஆயிரத்து 900 மைல். இன்றைய அளவோடு ஒப்பிட்டால் ஒரு சதவீதம் கூடப் பிசகில்லை.

சூரியன்மேல் வெள்ளியின் அதே கடப்பைப் பார்க்கப் பாண்டிச்சேரியில் காத்திருந்தார் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் லெ ழான்தீ. 1761இல் போரால் வாய்ப்பை இழந்து, எட்டு ஆண்டு கீழை நாடுகளிலேயே தங்கியவர். இருந்த நாட்களில் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர்கள் கிரகணம் கணிக்கும் முறையையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். அந்தக் காலையில் பாண்டிச்சேரி வானத்தை மேகம் மூடிக்கொண்டது. மாஸ்கலைனுக்காவது ஊசல் மிஞ்சியது.

டஹீட்டிப் பயணத்துக்கு வாங்கிய அரசர் பணத்தில் கொஞ்சம் மீந்திருந்தது. அதைக் கொண்டு கழகம் செய்த காரியத்தைத்தான் நான் எல்லாவற்றிலும் மேலாக மதிக்கிறேன். ஒரு மலை தன் பக்கமாகத் தூக்குக்குண்டைச் சற்றே இழுக்குமா என்பது நியூட்டன் காலத்துக் கேள்வி. இழுக்குமானால், மலையின் எடையைக் கணித்துப் பூமியின் எடையையும் கணிக்கலாம். 1773இல் மேசன் ஸ்காட்லாந்து மலைகளைச் சுற்றி வந்து, கிழக்கு மேற்காக நீண்டு தனித்து நிற்கும் ஷீஹாலியனைச் சொன்னார். உயரம் 1,083 மீட்டர். மறு ஆண்டு கோடையில் மாஸ்கலைன், இப்போது அரச வானியலாளர், மலையேறினார். ஷெல்டன் கடிகாரமும் ஏறியது.

முதலில் தெற்குச் சரிவில் குடிசை, பிறகு வடக்குச் சரிவில் குடிசை. ஓயாத மழை, மூடுபனி. 43 விண்மீன்களை 337 தடவை பார்த்தார். விண்மீன் தலைக்குமேல் நடுக்கோட்டைக் கடக்கும் நேரத்தைச் சொல்ல வேண்டியது கடிகாரம்; அந்தக் கணத்தில் தூக்குக்குண்டிலிருந்து அது எவ்வளவு விலகியிருக்கிறது என்று சொல்ல வேண்டியது உச்சித் தொலைநோக்கி. விண்மீன் கணக்கில் இரண்டு குடிசைகளுக்கும் அகலாங்கு வித்தியாசம் 54.6 வில்நொடி வந்தது. நிலத்தை அளந்து பார்த்தால் 42.9. இடையிலுள்ள ஏறத்தாழ 11.6 வில்நொடி, மலை இரு பக்கமும் குண்டை இழுத்த இழுப்பு. வேலை முடிந்த இரவில் விருந்து வைத்ததில் குடிசை எரிந்தது என்றும், சமையல் பையனின் பிடில் அதில் போனது என்றும், மாஸ்கலைன் லண்டன் போய் வேறொன்று அனுப்பினார் என்றும் அந்த ஊரில் சொல்வார்கள்.

மலையின் கன அளவைக் கணக்கிடும் பெரும்பாடு சார்லஸ் ஹட்டன் தலையில் விழுந்தது. ஒரே உயரமுள்ள புள்ளிகளை இணைத்துக் கோடு வரைந்தால் வேலை சுலபமாகும் என்று அவர் கண்டுகொண்டார். இன்று நாம் பள்ளி வரைபடத்தில் பார்க்கும் சமஉயரக் கோடு அப்படி வந்தது. 1778இல் அவர் தந்த விடை: பூமியின் சராசரி அடர்த்தி தண்ணீரைப் போல் நாலரை மடங்கு. இன்றைய மதிப்பு ஐந்தரை மடங்கு. மலையை அளந்த உதவியாளர் ரூபன் பர்ரோ தம் பங்குக்குப் புகழ் கிடைக்கவில்லை என்ற மனக்கசப்போடு பிறகு இந்தியா வந்து, கல்கத்தாவில் ஆசியவியல் கழகத்தோடு சேர்ந்து இயங்கி, 1792இல் பக்சாரில் இறந்தார். மாஸ்கலைனுக்கு ராயல் சொசைட்டி 1775இலேயே கோப்லி பதக்கம் கொடுத்துவிட்டது. பர்ரோவின் கோபத்தில் நியாயம் இல்லை என்று சொல்வதற்கில்லை.

ஷெல்டன் 1777இல் இறந்தார். கடிகாரங்கள் ஓய்வு பெறவில்லை. குக்கோடு உலகைச் சுற்றிய ஷெல்டன் கடிகாரங்களைக் கழகம் 1818இல் எட்வர்ட் சபைனிடம் கொடுத்து வடதுருவக் கடலுக்கு அனுப்பியது. 1819–20 குளிர்காலத்தில் மெல்வில் தீவில் பனியில் உறைந்து நின்ற கப்பல்களுக்கு அருகே, கடிகாரங்களுக்கும் கருவிகளுக்குமாக மரவீடு கட்டினார்கள். பிப்ரவரியில் அது தீப்பற்றியது. கருவியைக் காப்பாற்றக் கையுறை இல்லாமல் ஓடிய சபைனின் பணியாள் பனிக்கடியில் விரல்கள் சிலவற்றை இழந்தார். செயின்ட் ஹெலினாவில் பிந்திய ஊசல் இங்கே முந்தியது. பூமியின் வடிவக் கணக்கு இரு முனையிலும் பொருந்தி வந்தது.

ஷெல்டனின் இன்னொரு கடிகாரம் தமிழ்நாட்டில் இருக்கிறது. கம்பெனி அதிகாரி வில்லியம் பெட்ரி 1786இல் சென்னையில் சொந்தச் செலவில் வானாய்வகம் வைத்தார். இந்தக் கடிகாரம் உட்படத் தம் கருவிகளை அரசுக்கு விட்டுக்கொடுத்தார். 1792இல் நுங்கம்பாக்கத்தில் மைக்கேல் டாப்பிங் கட்டிய சென்னை வானாய்வகத்துக்கு அவை போயின. தமிழும் தெலுங்கும் பொறித்த அதன் கருங்கல் தூண் இப்போதும் வானிலை அலுவலக வளாகத்தில் நிற்கிறது. ஆய்வுப் பணி 1899இல் கோடைக்கானலுக்கு மாறியபோது ஷெல்டன் கடிகாரமும் மலையேறியது. குக் கொண்டுபோன கடிகாரத்தை அப்படியே ஒத்தது அது; இன்னும் ஓடுகிறது என்று இந்திய வானியல் வரலாற்றை எழுதிய ராஜேஷ் கோச்சர் குறித்திருக்கிறார். ராயல் சொசைட்டியின் கடிகாரம் எடின்பரோவில் இரவலாக இருக்க, அதன் உடன்பிறப்பு நமக்குப் பேருந்து போகும் தூரத்தில் இருப்பது கோடைக்கானலுக்கு ஏரியும் படகும் பார்க்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ.