ஜூலை 24: ஒரு வரியும், பதவி போன ஒரு கவர்னரும்

ஜூலை வந்தாச்சு. ஃபார்ம் 16 வந்துச்சா, ஏஐஎஸ்-ல வட்டி சரியா காட்டுதா, பழைய முறையா புது முறையா என்று ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் கேள்விகள் ஆரம்பித்துவிட்டன. ஜூலை 31 என்ற கெடு எல்லோருக்கும் தெரியும் (அதை அடிக்கடி தள்ளிப்போடுவது தனிக்கதை). அதற்கு ஒரு வாரம் முன்னால் ஜூலை 24-ஐ வருமான வரித் துறை 'வருமான வரி தினம்' என்று கொண்டாடுவது நிறைய பேருக்குத் தெரியாது. இந்தியாவில் முதல் வருமான வரி நடைமுறைக்கு வந்தது 1860-ல் அந்தத் தேதியில்தான்.

காரணம் 1857. கிளர்ச்சியை அடக்கிய செலவில் கஜானா காலி, கடன் கழுத்து வரை. நிலைமையைச் சரிசெய்ய லண்டனிலிருந்து அனுப்பப்பட்டவர் ஜேம்ஸ் வில்சன், 'தி எகனாமிஸ்ட்' பத்திரிகையைத் தொடங்கியவர். 1860 பிப்ரவரி 18 அன்று கல்கத்தாவில் பட்ஜெட் வைத்தார். ஆண்டுக்கு 200 ரூபாய்க்குக் கீழே வரி இல்லை. 200 முதல் 500 வரை 2 சதவீதம். அதற்கு மேலே 4 சதவீதம்.

எதிர்ப்பு வந்த இடம்தான் சுவாரஸ்யம். நம்ம மெட்ராஸ் கோட்டையிலிருந்து, அதுவும் கவர்னர் சார்லஸ் டிரெவெலியனிடமிருந்தே வந்தது. பழக்கமில்லாத மக்கள் மீது, அவர்களுக்கு எந்தக் குரலும் இல்லாத ஒரு சபை இப்படி நேரடி வரி போடுவது ஆபத்து. முதலில் ராணுவச் செலவைக் குறையுங்கள் என்பது அவர் வாதம். இதைக் கோப்புக்குள் எழுதியிருந்தால் பிரச்சினை இல்லை. அது பத்திரிகைகளில் வரும்படி செய்தார். மத்திய அரசின் வரியை ஒரு மாகாண கவர்னரே பகிரங்கமாக எதிர்த்தால் லண்டன் சும்மா இருக்குமா? பதவியிலிருந்து திரும்ப அழைத்துவிட்டார்கள்.

டிரெவெலியனை உடனே தியாகியாக்கிவிட வேண்டாம். அயர்லாந்துப் பஞ்சத்தில் நிவாரணத்தை இறுக்கிப் பிடித்ததற்காக இன்றும் அங்கே வசை வாங்குகிற அதே மனிதர்தான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் கேட்டது சரியான கேள்வி என்றே நினைக்கிறேன். வரி கட்டுபவனுக்கு அந்தப் பணம் எங்கே போகிறது என்று கேட்க இடமே இல்லாத காலம் அது.

வில்சன் தன் வரியின் பலனைப் பார்க்கவில்லை. சட்டம் வந்த 18-ஆம் நாள், ஆகஸ்ட் 11 அன்று, கல்கத்தாவில் வயிற்றுக்கடுப்பால் இறந்துபோனார். 1862-ல் 500 ரூபாய்க்குக் கீழே இருந்தவர்களை விட்டுவிட்டார்கள். கணக்குப் போட்டுப் பாருங்க: 200 ரூபாய்க்காரரிடம் வருஷத்துக்குக் கிடைப்பது 4 ரூபாய். அதற்கு ஒரு நோட்டீஸ், ஒரு படிவம், ஒரு விசாரணை. சாஃப்ட்வேர் மொழியில் சொன்னால், பிராசசிங் செலவே டேட்டாவின் மதிப்பைத் தின்றுவிடும்.

அடுத்த திருப்பம் சினிமாக்காரர்கள் எழுதத் தயங்குவது. 1863-ல் டிரெவெலியன் திரும்பி வந்தார், வில்சன் உட்கார்ந்த அதே நிதி உறுப்பினர் நாற்காலிக்கு! ஐந்து வருஷத்துக்கு என்று போட்ட வரி 1865-ல் காலாவதியானபோது, அதை நீட்டிக்காமல் விட்டார்.

பிறகு 1869-ல் திரும்ப வந்து 1873-ல் போய், இடையிடையே லைசென்ஸ் வரியாக வேஷம் மாற்றி, கடைசியில் 1886 சட்டத்தோடுதான் நிலைத்தது. இன்று நாம் பார்க்கும் பல விஷயங்கள் அந்தச் சட்டத்திலேயே இருக்கின்றன. அரசு ஊழியர் சம்பளம் கைக்கு வரும் முன்பே வரியைப் பிடித்துக்கொள்வது அதில் உண்டு. நம்ம டிடிஎஸ்-க்குத் தாத்தா! விவசாய வருமானத்துக்கு விலக்கும் அதிலேதான். 1860 சட்டம் நிலத்து வருமானத்தையும் சேர்த்துத்தான் பிடித்தது. 1886-ல் கொடுத்த அந்த விலக்கை 1922, 1961 சட்டங்கள் இரண்டும் அப்படியே எடுத்துக்கொண்டன. எந்த அரசும் தொடத் துணியாத லெகசி கோடு.

ஏப்ரல் 1 கூட ஆதியில் இல்லை. 1867-க்கு முன்னால் இங்கே நிதியாண்டு மே 1-ல்தான் தொடங்கியது. வருஷா வருஷம் குழப்பும் 'முந்தைய ஆண்டு', 'மதிப்பீட்டு ஆண்டு' என்ற ஜோடியை 2025-ஆம் ஆண்டுச் சட்டம் எடுத்துவிட்டு, 'வரி ஆண்டு' என்று ஒன்றாக்கியிருக்கிறது. அது 2026 ஏப்ரல் 1-லிருந்து. 2025-26 வருமானம் வரைக்கும் படிவத்தில் பழைய ஜோடிதான், பார்த்து நிரப்புங்க.