புனித பேட்ரிக் நாள் இசை

ஆண்டுதோறும் மார்ச் 17 அன்று வரும் புனித பேட்ரிக் நாளையொட்டி, அயர்லாந்திலும் ஐரிஷ் மக்கள் குடியேறிய நாடுகளிலும் பாடப்படும் நாட்டார் இசையும், அதிலிருந்து கிளைத்த ராக் இசையும் இப்பெயரில் அடங்கும். விழா அயர்லாந்தினுடையது, அதன் ஆரவாரத்தைப் பெரும்பாலும் உண்டாக்கியவர்கள் ஊரைவிட்டுப் போனவர்கள்.

நியூயார்க்கில் 1762-லேயே அணிவகுப்பு நடந்திருக்கிறது. அயர்லாந்தில் இது பொது விடுமுறையானது 1903-ல்தான். அதன் பிறகும் காலையில் பூசை, பிறகு வீடு என்று அடக்கமாகவே அந்நாள் கழிந்தது. 1927-ல் வந்த சட்டம் அன்றைக்கு மதுக்கடைகளையே மூடவைத்தது. அந்தத் தடை 1960களின் தொடக்கம் வரை நீடித்தது.

மெட்டுகளைக் காத்ததிலும் அயல்மண்ணுக்குப் பெரும்பங்கு உண்டு. கார்க் மாவட்டத்தில் பிறந்து சிகாகோவின் காவல்துறைத் தலைவராக உயர்ந்த பிரான்சிஸ் ஓ'நீலுக்கு இசைக்குறிப்பு எழுத வராது. அவர் வாசித்துக் காட்ட, அதே துறையில் இருந்த ஜேம்ஸ் ஓ'நீல் எழுதினார். நல்ல வாத்தியக்காரர் என்றால் காவல்பணியில் இடம் கிடைக்கும் என்ற பேச்சும் அக்காலத்தில் உண்டு. இப்படித் திரண்ட 1,850 மெட்டுகள் 1903-ல் நூலாயின. ஸ்லைகோ மாவட்டத்துப் பிடில் கலைஞர் மைக்கேல் கோல்மன் நியூயார்க்கில் பதிந்த இசைத்தட்டுகளோ, கடல் கடந்து ஊர் திரும்பி, அயர்லாந்தின் வட்டார வாசிப்புப் பாணிகளையே மாற்றிவிட்டன.

இவ்விசையை விழாமேடைக்குக் கொண்டுவந்த பெருமை ஐரிஷ் பாடகர்களான கிளான்சி சகோதரர்களுக்கும் டாமி மேக்கமுக்கும் உரியது. நியூயார்க் குளிரில் பிள்ளைகள் நடுங்குவார்களே என்று கிளான்சிகளின் தாய் அனுப்பிய வெள்ளைக் கம்பளிச் சட்டைகளையே மேடை உடையாக்கினர். 1961 மார்ச்சில் எட் சல்லிவனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வேறொருவர் வராமல் போக, இவர்களுக்குக் கூடுதல் நேரம் கிடைத்தது. அமெரிக்கா முழுக்க அறிந்த பெயரானார்கள். 1963-ல் புனித பேட்ரிக் நாளன்றே கார்னகி அரங்கில் பாடினர். டப்ளினில் அப்போது ஓ'டொனாஹியூ மதுக்கடையில் கூடிப் பாடியவர்களிலிருந்து 'டப்ளினர்ஸ்' குழு பிறந்தது. இசையமைப்பாளர் ஷான் ஓ ரியாடா பழைய மெட்டுகளைக் கச்சேரிக்கு ஏற்பச் சீரமைத்தார். அவர் குழுவில் வாசித்த பேடி மலோனி 1962-ல் 'சீஃப்டன்ஸ்' குழுவைத் தொடங்கினார்.

மின்கிதார் நுழைந்தது 1970களில். பில் லைனட்டின் 'தின் லிஸி' குழு வழிப்பறிக்காரனைப் பற்றிய பழம்பாடலான 'விஸ்கி இன் த ஜார்'-ஐ ராக் பாடலாக்கியது. 1973-ல் அது பிரிட்டிஷ் பாடல் விற்பனைப் பட்டியலில் 6-ஆம் இடம்வரை ஏறியது. வேடிக்கையாக வாசித்துப் பார்த்த ஒன்று தங்கள் அடையாளமாகிவிட்டதில் குழுவினருக்கு அவ்வளவு மகிழ்ச்சியில்லை. மரபும் ராக்கும் உண்மையில் ஒன்றிக் கலந்தது 'ஹார்ஸ்லிப்ஸ்' குழுவிடம் என்றே சொல்ல வேண்டும். அவர்களின் 'டியரக் டூம்' பாடலை இழுத்துச் செல்லும் கிதார் வரிசை ஒரு பழைய படைநடை மெட்டு.

லண்டனில் 1982-ல் உருவான 'போக்ஸ்' குழு அக்கார்டியன், பாஞ்சோ, தகர விசில் ஆகியவற்றைப் பங்க் இசையின் வேகத்தில் ஓடவிட்டது. கென்ட்டில் பிறந்த ஷேன் மெக்கோவன், குடியேறிகளின் கூலிவேலையையும் குடியையும் ஏக்கத்தையும் பூச்சின்றி எழுதினார். 1987-ல் வந்த 'ஃபேரிடேல் ஆஃப் நியூயார்க்' கிறிஸ்துமஸ் பாடலாகவே நிலைத்துவிட்டது. இவர்களுக்குப் பின் வந்த அமெரிக்கக் குழுக்களில் இரண்டு முக்கியமானவை: லாஸ் ஏஞ்சலஸின் 'ஃப்ளாகிங் மாலி', மாசசூசெட்ஸின் 'டிராப்கிக் மர்ஃபீஸ்'. பின்னதன் பாஸ்டன் கச்சேரிகள் மார்ச் மாதச் சடங்காகவே ஆகிவிட்டன.

டப்ளின் நகரம் பெரிய அளவில் விழா எடுக்கத் தொடங்கியது 1996-ல்தான். அமெரிக்காவில் வளர்ந்த ஆரவாரம் இப்போது அந்நகரத் தெருக்களிலும் ஒலிக்கிறது. பச்சைத் தொப்பிக் கூட்டம் கேட்கும் அதே பத்துப் பன்னிரண்டு பாடல்களைத் திரும்பத் திரும்பப் பாடவேண்டியிருப்பதாக மரபிசைக் கலைஞர்கள் அலுத்துக்கொள்வதுண்டு. ஆனாலும் அவர்களில் பலருக்கு ஆண்டிலேயே அதிக வாய்ப்பு வருவதும் அந்த வாரத்தில்தான்.