நம்ம மணல்

காணும் பொங்கலன்று எதைக் காண வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. பெரியவர்களைக் காண்பது என்பார்கள் சிலர், உறவுக்காரர்களைக் காண்பது என்பார்கள் சிலர். ஆறு இருக்கிற ஊரில் ஆற்றைக் காண்பார்கள். சென்னையில் அது கடல். அரசு விடுமுறைப் பட்டியலில் அந்த நாளுக்குப் பெயர் உழவர் திருநாள். மெரினா மணலில் பாய் விரித்து, மாட்டுப் பொங்கலன்று வைத்த கறிக்குழம்பை மறுநாள் சோற்றில் பிசைந்துகொண்டிருக்கும் ஒரு குடும்பத்திடம் போய் ‘இன்னிக்கு உழவர் திருநாள்’ என்று சொன்னால், யாரோ ஓட்டு கேட்க வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

இப்படிக் குடும்பமாகக் கிளம்பும் நாள் தை மாதத்தில் வந்து விழுந்ததற்கு முதல் காரணம் வானிலை. குளிர்காலம் என்றால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே அடைந்துகிடப்பது என்று நாம் படித்ததெல்லாம் ஐரோப்பியக் கதைகளில். நமக்கு அடைந்துகிடக்கும் காலம் ஐப்பசியும் கார்த்திகையும். சென்னைக்கு ஆண்டு மழையின் பெரும்பகுதி அப்போதுதான் கொட்டித் தீர்க்கிறது. மழை ஓய்ந்து, சம்பா அறுவடையாகி, வெயில் இன்னும் உறைக்கத் தொடங்காத சில வாரங்கள்தான் மார்கழியும் தையும். மே மாத மதியத்தில் செருப்பில்லாமல் மெரினாவில் பத்தடி நடந்து பாருங்கள், தெரியும். நம் பனிக்காலம் வெளியே போவதற்கான காலம். சென்னைக்காரர்கள் இருபது டிகிரிக்கு மஃப்ளர் கட்டிக்கொள்வதைக் கோயம்புத்தூர்க்காரர்கள் கிண்டல் செய்வது தனிக் கதை.

இந்தப் பழக்கம் பழசு. பரிபாடலின் 11ஆம் பாடலில், மார்கழித் திருவாதிரையன்று பெண்பிள்ளைகள் விடியற்காலையில் வையைக்குப் போகிறார்கள். மூத்த பெண்கள் முறை சொல்லித்தர, நாடு வெம்பாமல் மழையால் குளிர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு நீராடுகிறார்கள். பாடியவர் ஆசிரியன் நல்லந்துவனார். எனக்கு அதில் பிடித்த இடம் நீராட்டு முடிந்த பிறகு வருவது. வாடைக்காற்று அடிக்கிறது. கரையில் அந்தணர்கள் வளர்த்த வேள்வித் தீ எரிகிறது. நடுங்கிக்கொண்டு மேலேறிய பெண்கள் அந்தத் தீயருகே போய் ஈரத் துணியை உலர்த்திக்கொள்கிறார்கள். வேள்வி ஒரு பக்கம் நடக்கட்டும், நமக்குத் துணி காய வேண்டும். படிக்கும்போதெல்லாம் அந்தப் பெண்களை எனக்குத் தெரியும் என்று தோன்றும்.

தை மாதத்து வழக்கங்களை ஊர் ஊராகப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. திருநெல்வேலிப் பக்கம் சிறுமிகள் மார்கழி முழுக்க வாசலில் சாணத்தில் பூ வைத்து, அதைத் தட்டிக் காயவைத்துச் சேர்ப்பார்கள். தையில் சிறுவீட்டுப் பொங்கல் வைத்து முடித்ததும் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டுபோய் ஆற்றில் விடுவார்கள். கொங்குப் பக்கம் பூப்பறிக்கும் நோன்பு என்று சொல்லி, பெண்கள் கூட்டமாகக் கிளம்பி ஆவாரம்பூ பறிக்கப் போவார்கள். திருச்சிக்காரர்கள் கட்டுச்சோற்றோடு முக்கொம்புக்குப் போவார்கள். ஈரோட்டில் வ.உ.சி. பூங்காவுக்குள் காணும் பொங்கலன்று பெண்களுக்கு மட்டும்தான் அனுமதி. சின்னப் பையன்கள் அம்மா இடுப்பில் உட்கார்ந்து உள்ளே போய்விடுவார்கள், மற்ற ஆண்கள் வெளியே நிற்க வேண்டியதுதான். உள்ளே ஆட்டம், பாட்டு, கும்மி, கரும்பு.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், இந்த நாள் அடிப்படையில் பெண்கள் வீட்டைவிட்டு வெளியே வரும் நாள் என்றே எனக்குத் தோன்றுகிறது. போகிக்கு வீடு முழுக்கக் கழுவி, பொங்கலுக்குப் பானை வைத்து, மாட்டுப் பொங்கலுக்குக் கறி ஆக்கி, மூன்று நாள் அடுப்படியில் வெந்தவர்களுக்கு நான்காம் நாள் அடுப்பு கிடையாது. விடிவதற்குள் புளிசாதம் கிளறித் தூக்கில் கட்டிவிட்டால் அன்றைய சமையல் முடிந்தது. பண்டிகையின் தத்துவத்தைத் தேடுகிறவர்கள் அந்தத் தூக்கிலிருந்து தொடங்கலாம்.

நகரத்துக்கு வருவோம். மதராஸில் குடும்பமாகப் போய்ப் பார்க்க இடங்கள் உருவான கதைக்கு ஒரு டாக்டரிடமிருந்து தொடங்க வேண்டும். எட்வர்டு பால்ஃபர் ராணுவ மருத்துவர். 1851இல் மதராஸ் அரசு அருங்காட்சியகம் திறந்தபோது அதன் முதல் பொறுப்பாளர். அப்போது அது இருந்தது நுங்கம்பாக்கத்தில், கோட்டைக் கல்லூரி என்று அழைக்கப்பட்ட கட்டடத்தின் மாடியில். பிறகுதான் எழும்பூர் பாந்தியன் சாலைக்கு வந்தது. உயிருள்ள விலங்குகளை வைத்தால் கூட்டம் வரும் என்று பால்ஃபர் கண்டுகொண்டார். ஆற்காட்டு நவாபிடம் பேசி, அவர் வளர்த்த விலங்குகளைக் கேட்டு வாங்கினார். 1855இல் அருங்காட்சியக வளாகத்திலேயே ஒரு விலங்குக் காட்சிசாலை உருவானது.

கண்ணாடிப் பெட்டிக்குள் பாடம்செய்து வைத்த புலி ஒரு பக்கம், உறுமும் விலங்கு ஒரு பக்கம். மக்கள் இரண்டுக்கும் பெயர் வைத்தார்கள்: செத்த காலேஜ், உயிர் காலேஜ். காலேஜ் என்ற சொல் நுங்கம்பாக்கத்துக் கட்டடத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது என்பார்கள். எந்தக் கல்லூரிப் படியையும் மிதித்திராத லட்சக்கணக்கானவர்கள் ‘காலேஜுக்குப் போய்ட்டு வந்தோம்’ என்று சொல்லியிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் அந்தப் பெயர் இன்னும் பிடிக்கிறது. அருங்காட்சியகங்களைப் பற்றி நம் அறிஞர்கள் யாரும் இதைவிடச் சுருக்கமான விமர்சனம் எழுதியதாகத் தெரியவில்லை.

உயிர் காலேஜ் 1860களில் பீப்பிள்ஸ் பார்க்குக்கு இடம்பெயர்ந்தது. இன்றைய சென்ட்ரல் ஸ்டேஷனுக்கும் ரிப்பன் கட்டடத்துக்கும் பின்னால் பரந்து கிடந்த பூங்கா அது. உருவாக்கத் தொடங்கியவர் ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன். ஐரிஷ் பஞ்சத்தின்போது நிவாரணப் பணத்தை இறுக்கிப் பிடித்தவர் என்று அயர்லாந்தில் இன்றைக்கும் திட்டு வாங்கும் அதே மனிதர்தான். மதராஸில் ஆளுநராக இருந்தது ஓராண்டுக்குச் சற்று அதிகம். கல்கத்தாவின் வரி யோசனையை வெளிப்படையாக எதிர்த்ததற்காக 1860இல் திருப்பி அழைக்கப்பட்டார். போவதற்கு முன்னால், கறுப்பர் நகரம் என்று வெள்ளைக்காரர்கள் அழைத்த நெரிசலான பகுதியின் ஓரத்திலேயே குளங்களோடும் மரங்களோடும் ஒரு பூங்காவுக்கு வழிசெய்துவிட்டுப் போனார். ஒரே மனிதர் இரண்டு ஊரின் நினைவில் இரண்டு விதமாக இருப்பது வரலாற்றில் புதிதல்ல.

அந்தப் பூங்காவில் ஆண்டு முடியும் வாரத்தில் ஒரு சந்தை கூடும். வேடிக்கை, கடை, விளக்கு, கூட்டம். 1886 டிசம்பர் 31 அன்று, புத்தாண்டுக்கு முந்தைய நாள், அந்தச் சந்தையில் தீப்பிடித்தது. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். இன்று அந்த இடத்தில் நேரு ஸ்டேடியமும் அலுவலகங்களும் சாலைகளும் இருக்கின்றன. நான் பல வருடம் அந்த வழியாக பஸ்ஸில் போயிருக்கிறேன். பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டக் கூட்டிப்போன குடும்பங்கள் அங்கே எரிந்துபோனதை யாரும் என்னிடம் சொன்னதில்லை. பூங்கா துண்டு துண்டாகக் கரைந்தது. ஒரு மூலையில் மூர் மார்க்கெட், ஒரு மூலையில் விக்டோரியா பப்ளிக் ஹால், ஒரு மூலையில் மாநகராட்சி. கடைசியாக விலங்குகளும் 1985இல் வண்டலூருக்குப் போய்விட்டன. அதே ஆண்டில் மூர் மார்க்கெட்டும் எரிந்தது.

மிச்சம் இருந்தது கடல்.

மெரினா இயற்கையின் கொடை என்று பள்ளிக்கூடக் கட்டுரையில் எழுதினோம். பாதிதான் உண்மை. 1870களின் நடுவில் மதராஸ் துறைமுகம் கட்டும் வேலை தொடங்கியது. அதுவரை கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்க, மசூலாப் படகுகள்தான் அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவந்தன. அப்போது கடல் இன்றைய சாலைக்கு வெகு அருகில் இருந்தது. நம் கிழக்குக் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்காகத் தள்ளிக்கொண்டே போகும். வாடைக்காற்று வீசும் சில மாதங்களில் மட்டும் அது திரும்பும். கடலுக்குள் கல் கட்டிக் கை நீட்டியதும் வடக்கே போய்க்கொண்டிருந்த மணலுக்கு வழி மறிந்தது. துறைமுகத்துக்குத் தெற்கே மணல் சேர ஆரம்பித்தது. கடல் பின்வாங்கிக்கொண்டே போனது. 1881 முதல் 1886 வரை ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப், 1884இல் கரையோரம் உலாவும் பாதை அமைத்து, சிசிலித் தீவின் ஞாபகத்தில் அதற்கு மெரினா என்று பெயர் வைத்தார்.

தெற்கே சேர்ந்தால் வடக்கே குறைய வேண்டும். வர வேண்டிய மணல் வராததால் ராயபுரத்திலிருந்து வடக்கே கரை அரிக்கத் தொடங்கியது. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் வரைக்கும் கடல் உள்ளே வந்தது. வீடுகள் போயின, தெருக்கள் போயின. பாறாங்கல்லைக் கொட்டினார்கள். பிறகு தூண்டில் வளைவு போட்டார்கள். இன்றைக்கும் திருவொற்றியூரில் கடலைப் பார்க்கப் போனால் முதலில் கல்லைத்தான் பார்க்க வேண்டும்.

நான் அந்தக் கல்லோரத்தில் வளர்ந்தவள். கடல் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில். இருந்தும் காணும் பொங்கலுக்கு ஆயா, அம்மா, சித்தி, நாங்கள் நாலு பிள்ளைகள் என்று மொத்தக் குடும்பமும் பஸ்ஸில் நெருக்கியடித்துக்கொண்டு மெரினாவுக்குப் போவோம். ‘நம்ம வீட்டாண்டயே கடல் இருக்குதே, இன்னாத்துக்கு அம்மாந்தூரம்?’ என்று ஒரு தடவை கேட்டேன். ஆயா பஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “அங்க இருக்கறதும் நம்ம மணலுதான். நம்மளுதப் பாக்கத்தான் போறோம்.”

ஆயா பள்ளிக்கூடம் போனதில்லை. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் பக்கத்தில் படகை இழுத்துப் போட்டு, வலை காயவைத்து, அதற்கும் மேல் பிள்ளைகள் விளையாட மணல் இருந்ததாம். அதை யார் தடுத்தார்கள், எங்கே நிறுத்தினார்கள் என்பதெல்லாம் கரையோரத்தில் எல்லோருக்கும் தெரியும். பாடப்புத்தகத்தில்தான் இல்லை. கரையியலைப் பற்றிப் பிற்பாடு நான் படித்தவை ஆயா சொன்னதை விரிவாகச் சொன்னவைதான்.

மெரினாவில் எங்களுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் எம்.ஜி.ஆர். சமாதி. கல்லில் காதை வைத்து உள்ளே வாட்ச் ஓடுகிறதா என்று கேட்க வேண்டும். எனக்கு ஒருபோதும் கேட்டதில்லை, சித்திக்கு ஒவ்வொரு வருடமும் கேட்டது. பிறகு மணலில் இடம் பிடித்துப் புளிசாதம். கரும்பு. சாயங்காலம் சுண்டல், பலூன் சுடுவது, குதிரை சவாரிக்கு அழுவது. காசு இருந்த வருடம் தீவுத்திடல் பொருட்காட்சி, டெல்லி அப்பளம். ஒரு நாள் முழுக்க ஏழு பேர் சிரித்துக்கொண்டிருக்க ஆன செலவு பஸ் டிக்கெட்டும் சில்லறையும்தான். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். வீட்டில் அவள் காலை நீட்டி நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலைப் பத்திரிகைகள் வேறு விதமாக இருக்கும். மெரினாவில் குப்பை மலை, துப்புரவுப் பணியாளர்கள் அள்ளுகிறார்கள், மக்களுக்குப் பொறுப்பில்லை. குப்பை உண்மைதான். அதை அள்ளுகிறவர்களுக்கு அந்தக் காணும் பொங்கல் எப்போது என்று நானும் யோசித்ததுண்டு. ஆனால் ‘இந்தக் கூட்டம்’ என்று சொல்லும்போது சிலர் குரலில் வருகிற ஒரு சுளிப்பு குப்பையைப் பற்றியது மட்டும்தானா என்பது சந்தேகம். காலையில் நடக்க வருகிறவர்களுக்கு மெரினா ஆண்டு முழுவதும் உண்டு. திருவள்ளூர், செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வேன் பிடித்து வருகிறவர்களுக்கு அது ஒரு நாள்.

கடலில் இறங்கி உயிர்கள் போன வருடங்களுக்குப் பிறகு அன்று குளிக்கத் தடை வந்தது. கரை நெடுகச் சவுக்குக் கட்டை கட்டுகிறார்கள். போலீஸ் கண்காணிப்புக் கோபுரம் போடுகிறார்கள். சில வருடங்களாகப் பிள்ளைகள் மணிக்கட்டில் பெயரும் பெற்றோரின் போன் நம்பரும் எழுதிய பட்டையைக் கட்டிவிடுகிறார்கள். தொலைந்த பிள்ளை மைக்கில் அழும் சத்தம் என் சிறுவயதின் காணும் பொங்கல் பின்னணி இசை, இப்போது அது குறைந்திருக்கும். நல்லதுதான். 2021, 2022 இரண்டு வருடமும் கொரோனாவுக்காகக் கடற்கரையையே மூடினார்கள். தை பிறந்து மூன்றாம் நாள், அத்தனை பெரிய மணலில் ஒரு தூக்குச்சட்டிகூட இல்லை.

அந்த 2021இல் நாங்கள் எங்கேயும் போகவில்லை. சாயங்காலம் அம்மாவும் சித்தியும் புளிசாதத்தை எடுத்துக்கொண்டு எங்கள் தெருக்கோடிக் கல்லுக்குப் போய் உட்கார்ந்தார்கள். பக்கத்துக் கல்லில் இன்னொரு குடும்பம், அதற்கடுத்த கல்லில் இன்னொன்று. தூண்டில் வளைவுக்குத் தெற்கே கொஞ்சம்போல மணல் சேர்ந்திருந்தது. பிள்ளைகள் அதில் இறங்கி வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆயா போய்ச் சேர்ந்து அப்போது ஆறு வருடம். சித்தி அந்த மணலை ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு, “கறுப்பா கீது, மெரினா மாதிரி இல்ல” என்றாள். அம்மா காலை நீட்டிக்கொள்ள வாகான கல்லாகத் தேடிக்கொண்டிருந்தாள்.