தூங்கியும் தீராத தூக்கம்: மில் சங்கிலிருந்து மூளை அலை வரை

நான் இருக்கற சரவணம்பட்டியில நைட் ஷிஃப்ட் பார்க்கற ஐ.டி. நண்பர்கள் அடிக்கடி சொல்றது இது: "எட்டு மணி நேரம் படுத்தேனுங்க, தூங்கின மாதிரியே இல்ல." வீட்ல கிடைக்கிற பதில், "சோம்பேறி!" இந்தப் பதில் ஏன் தப்புன்னு வரலாறு சொல்லுது.

கோயம்புத்தூருக்கு ராத்திரி வேலை புதுசில்ல. 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் பஞ்சாலைகள் பெருகின. ராத்திரியிலும் கதிர்கள் சுற்றின. தொழிற்சாலைச் சட்டங்கள் வேலை நேரத்தைக் குறைத்தன: 1922-ல் வாரம் 60 மணி, 1934-ல் 54, 1946-ல் 48. நல்ல விஷயம்தான். ஆனா சட்டம் எண்ணினது வேலை மணியை மட்டும். ஷிஃப்ட் முடிஞ்சு பகல்ல படுத்தவரோட தூக்கம் எப்படிப்பட்டதுன்னு யாரும் அளக்கல.

அளக்கற வழி அதே காலத்துலதான் பொறந்தது. ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் 1924-ல் மனித மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்தார், 1929-ல் வெளியிட்டார். 1937-ல் அமெரிக்காவின் ஆல்ஃப்ரட் லூமிஸ் குழு, அலைகளை வைத்துத் தூக்கத்தைப் படிநிலைகளாகப் பிரித்தது. ஆழ்ந்த தூக்கத்தில் டெல்டா அலைகள் மெதுவா, பெருசா வரும். கண்ணை மூடி விழிச்சிருக்கும்போது ஆல்ஃபா, நொடிக்குப் பத்து தடவை மாதிரி.

ரெண்டும் கலந்தா? 1975-ல் டொரொன்டோவில் ஹார்வி மால்டாஃப்ஸ்கி குழு, உடம்புவலிக்காரர்கள் சிலரின் ஆழ்ந்த தூக்கத்துக்குள் ஆல்ஃபா நுழைவதைக் கண்டது. அப்புறம் ஆரோக்கியமான மாணவர்களை, முழுசா எழுப்பாம, சத்தத்தால ஆழ்ந்த தூக்கத்தை மட்டும் கலைத்துப் பார்த்தார்கள். அவங்களுக்கும் உடம்புவலியும் அசதியும் வந்துச்சு! இந்த அலைக்கலப்பு நல்லா தூங்கறவங்க சிலர்கிட்டயும் உண்டு. அது மட்டுமே நோய்க்கு அடையாளமில்ல. ஆனா ஒண்ணு தெளிவாச்சு: படுத்த மணி வேற, ஓய்வு வேற.

பகல் தூக்கத்துக்கு உடம்புக் கடிகாரமே எதிரி. கூடவே வெயில், ஹாரன், குக்கர் விசில். அதனால அறையை இருட்டாக்குங்க, போனை அமத்துங்க. வாரக்கணக்கில் அசதி போகலைன்னாலோ, குறட்டையில மூச்சு நின்னு நின்னு வந்தாலோ டாக்டரைப் பாருங்க.

உங்க வீட்ல மில்லுக்குப் போன தாத்தா இருந்தா, நைட் ஷிஃப்ட் முடிச்சுப் பகல்ல எப்படித் தூங்கினார்னு கேட்டு எங்களுக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பேசுவோம்.