போர்ட் மெல்பேர்ணில் பிறந்த எஞ்சின்



சென்ற மாத உரை முடிந்ததும் நேயர் ஒருவர் தொலைபேசியில் என்னுடன் கதைத்தார். மகனுக்கு 2011ஆம் ஆண்டு ஹோல்டன் கொமடோர் ஒன்று பார்த்திருக்கிறாராம். "மூன்று லீற்றர், டிரெக்ற் இஞ்செக்சன் எஞ்சின் எண்டு போட்டிருக்கு. வாங்கலாமோ அண்ணை?" என்று கேட்டார். அந்த எஞ்சின் எங்கள் வெஸ்ட்கேட் பாலத்துக்குக் கிட்டத்தான் செய்யப்பட்டது என்று நான் சொன்னதை அவர் முதலில் நம்பவில்லை. அதனால்தான் இந்த மாதம் இந்தத் தலைப்பு.

முதலில் சொல்லின் பொருள். வழக்கமான பெற்றோல் எஞ்சினில், உள்ளெடுப்பு வால்வுக்கு வெளியே உள்ள குழாயில் பெற்றோலைத் தெளிப்பார்கள். காற்றோடு கலந்து அது உள்ளே போகும். டிரெக்ற் இஞ்செக்சனில் பெற்றோல் நேரே சிலிண்டருக்குள் தெளிக்கப்படுகிறது. குழாயில் தெளிக்க மூன்று நான்கு பார் அழுத்தம் போதும். சிலிண்டருக்குள் தெளிக்க நூறு பாருக்கு மேல் வேண்டும். மண்பானையின் தண்ணீர் ஆவியாகிப் பானையைக் குளிர்விப்பதுபோல, பெற்றோலும் சிலிண்டருக்குள் ஆவியாகிக் காற்றைக் குளிர்விக்கிறது. குளிர்ந்த காற்றை இன்னும் கூடுதலாக நெருக்கலாம். அதே பெற்றோலில் கூடிய வலு கிடைப்பது இப்படித்தான்.

இது புதிய யோசனை அல்ல. இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனியின் டைம்லர் பென்ஸ் விமான எஞ்சின்களில் இந்த முறை இருந்தது. 1950களின் தொடக்கத்தில் கோலியாத், குட்பிறோட் என்ற சிறிய ஜேர்மன் கார்களிலும், 1954இல் கதவு மேல்நோக்கித் திறக்கும் மெர்சிடிஸ் 300 எஸ்எல் காரிலும் வந்தது. 300 எஸ்எல்லில் ஒரு சங்கடம் இருந்தது. சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினாலும், அது சுற்றி அடங்கும்வரை பம்ப் பெற்றோலைத் தெளித்துக்கொண்டே இருக்கும். எரியாத பெற்றோல் சிலிண்டர்ச் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி ஒயிலோடு கலந்துவிடும். ஒயிலை அடிக்கடி மாற்றாதவர்களின் எஞ்சின் தேய்ந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மறுபடியும் வரும்.

கணினிக் கட்டுப்பாடு வந்தபிறகுதான் இது பெருந்தொகையாகச் செய்யக்கூடியதாயிற்று. 1996இல் யப்பானின் மிற்சுபிசி கலான்ற் அந்த வழியைத் திறந்தது. அவுஸ்திரேலியாவும் சும்மா இருக்கவில்லை. பேர்த் நகரைச் சேர்ந்த றால்ப் சாரிச் 1972இல் ஏபிசி தொலைக்காட்சியின் கண்டுபிடிப்பாளர் நிகழ்ச்சியில் தன் ஓர்பிற்றல் எஞ்சினால் நாடெங்கும் பெயர் பெற்றார். அந்த எஞ்சின் எந்தக் காரிலும் விற்பனைக்கு வரவில்லை. ஆனால் அவருடைய நிறுவனம் உருவாக்கிய, அழுத்திய காற்றோடு பெற்றோலை நேரே தெளிக்கும் முறை, படகு எஞ்சின்களுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் போனது. 2007இல் இந்தியாவின் பஜாஜ் ஓட்டோவிலும் ஏறியது. பேர்த்தில் பிறந்த யோசனை ஓட்டோவில் போனது எனக்கு இன்றும் வேடிக்கையாக இருக்கிறது.

இனி எங்கள் ஊருக்கு வருவோம். போர்ட் மெல்பேர்ண், ஃபிஷர்மன்ஸ் பெண்டில் 40 கோடி டொலர் செலவில் ஹோல்டன் கட்டிய வி6 எஞ்சின் ஆலை 2003 நவம்பரில் திறக்கப்பட்டது. இத்தாலியின் அல்ஃபா றோமியோவுக்குக்கூட இங்கிருந்து எஞ்சின் போனது. 2009இல் கொமடோருக்கு டிரெக்ற் இஞ்செக்சன் வந்தது. 3.0 லீற்றர் எஞ்சினின் வலு 190 கிலோவாற், 3.6 லீற்றருக்கு 210. சிறிய எஞ்சின் உள்ள கார் 100 கிலோமீற்றருக்கு 9.3 லீற்றர் பெற்றோல் குடிக்கும் என்று அறிவித்தார்கள்.

விளம்பரத்தில் கண்ணில் படாத இன்னொரு எண் உண்டு. 2006ஆம் ஆண்டு கொமடோரின் பழைய 3.6 லீற்றர் எஞ்சினுக்கு வலு 180 கிலோவாற், இழுக்கும் விசை 330 நியூட்டன் மீற்றர். புதிய 3.0 லீற்றருக்கு வலு கூடினாலும் இழுவிசை 290 ஆகக் குறைந்தது. முழு வலுவும் 6700 சுற்றுக்குப் போனால்தான் கிடைக்கும். குடும்பத்தோடு மலை ஏறுகிறவர் "இது ஏன் இப்படிக் கத்துது" என்று கேட்டால் காரணம் இதுதான்.

நம்பகத்தன்மை என்ன? இந்த வி6 குடும்பத்தின் பலவீனம் ரைமிங் செயின். மூன்று செயின்கள், அவற்றுக்கு உயிர் ஒயில்தான். ஒயில் கெட்டால் செயின் தேய்ந்து நீளும், காம் சாப்ட் தன் நேரத்தைத் தவறவிடும், எச்சரிக்கை விளக்கு எரியும். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டோர்ஸ் இதே எஞ்சின்கள் சிலவற்றில் ஒயில் மாற்றும் காலத்தைக் குறைத்துக் கணினியைத் திருத்தி எழுதியது. பெற்றோல் வால்வைக் கழுவாததால் உள்ளெடுப்பு வால்வில் கரி படிவதும் உண்டு, ஆனால் அது மெதுவாக வரும் வியாதி.

நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். என்னிடம் வேறொரு நாட்டில் செய்த டிரெக்ற் இஞ்செக்சன் கார் ஒன்று இருந்தது, பெயர் வேண்டாம். தினமும் ரயில் நிலையத்துக்கு மூன்று கிலோமீற்றர், திரும்ப மூன்று. எஞ்சின் சூடாகும் முன்பே நிறுத்திவிடுவேன். தூரம் குறைவுதானே என்று ஒயில் மாற்றுவதை ஒன்றரை வருடம் தள்ளிப்போட்டேன். ஒருநாள் ஒயில் குச்சியை இழுத்து மணந்தேன். பெற்றோல் வாசம். மெர்சிடிஸ்காரருக்கு 1954இல் வந்தது எனக்கு என் முற்றத்திலேயே வந்திருந்தது. குறுகிய ஓட்டம்தான் இந்த எஞ்சின்களுக்குக் கடினம். தூரத்தை மட்டும் பார்த்து ஒயிலை மாற்றுவது தவறு, மாதத்தையும் பார்க்க வேண்டும்.

போர்ட் மெல்பேர்ண் எஞ்சின் ஆலை 2016 நவம்பர் 29ஆம் திகதி மூடப்பட்டது. பிரதமர் பென் சிஃப்லி முதலாவது ஹோல்டன் காரை அதே ஃபிஷர்மன்ஸ் பெண்டில் அறிமுகப்படுத்தியது 1948 நவம்பர் 29. நாள் பிசகவில்லை. அடுத்த ஆண்டு ஒக்ரோபரில் அடிலெய்ட் எலிசபெத் ஆலையும் மூடியது, 2020இல் ஹோல்டன் என்ற பெயரையே ஜெனரல் மோட்டோர்ஸ் கைவிட்டது. எஞ்சின்கள் மட்டும் இன்னும் எங்கள் தெருக்களில் ஓடுகின்றன.

அந்த நேயருக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: காரின் பளபளப்பைப் பார்க்க வேண்டாம், சேர்விஸ் புத்தகத்தைக் கேளுங்கள். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய், முதல் சில நொடிகள் முன்பக்கம் கலகலவென்று சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். அவர் சனிக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு மீண்டும் அழைத்தார். சத்தம் ஒன்றும் இல்லையாம். புத்தகத்தில் 2017இலிருந்து மூன்று வருடப் பக்கங்கள் வெறுமையாம். வாங்காமல் திரும்பிவிட்டார். மகனுக்கு இரண்டு நாள் முகம் சரியில்லையாம்.